நான்காவது பாட்டு, ஏழாவது டேக்

கிளீவ்லாந்தில் அன்று ஏரிப் பக்கமிருந்து
பனி குறுக்குவாட்டில் பெய்தது.
பழைய ஐஸ் கிடங்கில் எங்கள் ஸ்டூடியோ.
சுவருக்குள் இன்னும் தக்கை அடைத்திருக்கிறது,
சத்தம் வெளியே போகாது.
குளிர் மட்டும் உள்ளே வரும்.

வெர்லீன் காஸ்கின்ஸ் வந்தாள்.
ஈரக் காலணியைக் கழற்றி ரேடியேட்டர்மேல் வைத்தாள்.
மைக்கை ஒரு பார்வை பார்த்து,
"இத்தனை பக்கத்தில் என்னை
என் இரண்டாவது புருஷன்கூடக் கேட்டதில்லை" என்றாள்.

நான் ஸ்டான் ஹ்ரோவாட்.
பொத்தான்களைத் திருகுகிறவன்.
தட்டின் பின்னட்டையில்
என் பெயர் எறும்பளவு இருக்கும்.

ஒன்பது பாட்டு. ஒன்றும் புதிதில்லை.
எழுதியவர்கள் ஒருவரும் உயிரோடில்லை,
ஊருக்கெல்லாம் மனப்பாடம்.
பல் டாக்டரின் வரவேற்பறையில், லிஃப்டில்,
மெத்தைக் கடை விளம்பரத்தில்
தேய்ந்து தேய்ந்து கூழாங்கல் ஆனவை.

நான்காவதுக்கு ஆடித்தான்
இந்த நகரத்தில் பாதிப் பேர் கல்யாணம் செய்துகொண்டார்கள்.
டிரம்பெட்டுகள், கைதட்டல்,
"நாளைக்கு வருவேன், கதவைத் திறந்து வை" என்று
நாய்க்குட்டிபோல் குதித்தோடும் பாட்டு.
இருபத்து மூன்று வயதில்
வெர்லீனும் அப்படித்தான் பாடினாள்,
ஜிகினா கவுனில், இரவுக்கு இரண்டு முறை.

பிறகு தொண்டையில் கத்தி வைத்தார்கள்.
மேல் ஸ்தாயி போயிற்று.
"எட்டுப் படி இருந்த வீட்டில்
ஐந்துதான் மிச்சம்" என்றாள் ஒருமுறை,
கூரை ஒழுகுவதைச் சொல்கிற குரலில்.

ஆறு டேக்கும் சரியாக வந்தன.
சரியாக வந்ததுதான் கோளாறு.
ஏழாவதுக்கு முன்னால் பியானோக்காரனைப்
போய் சிகரெட் பிடித்துவிட்டு வரச் சொன்னாள்.
ஹாலிஸின் டிரம் குச்சிகளை வாங்கித்
தன் கைப்பையில் போட்டு மூடினாள்.
அவனுக்கு மிஞ்சியது பிரஷ்:
பக்கத்து அறையில் யாரோ
கம்பளிக் கோட்டு மாட்டுகிற ஓசை.
இர்விங்கின் பேஸ்
ஓரடி வைத்தது, நின்றது,
ஓரடி வைத்தது.

"நாளைக்கு" என்றாள்.

அவ்வளவுதான்.

இர்விங் தலை தூக்கினான்.
வரி மறந்துவிட்டாளா?
என் விரல் நிறுத்தும் பொத்தான்மேல்.
ஹெட்போனில் அவள் மூச்சு.
ரேடியேட்டரில் ஒரு 'டங்'.
எந்தத் தக்கைக்கும் அடங்காமல்
தெருவைச் சுரண்டிக்கொண்டு பனி வாரும் லாரி
என் இடக் காதில் நுழைந்து
வலக் காதுக்குப் போனது.
அது முழுசாய்ப் போய்த் தீரும்வரை இருந்தாள்.

பிறகு "வருவேன்" என்றாள்.

கெஞ்சல் இல்லை. வாக்குறுதியும் இல்லை.
ஏற முடியாத படியில்
ஏறுவதுபோல் நடிக்காமல்
அங்கேயே உட்கார்ந்து
ஷூ லேஸை அவிழ்க்கிறவளின் குரல்.
கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் சொற்களை
அவள் பாடவேயில்லை.
திறந்தால் குளிர் வரும்,
தெரியாதா அவளுக்கு.

லாரியை நீக்கச் சொன்னார் தயாரிப்பாளர்.
நீக்கலாம். இப்போது எதையும் நீக்கலாம்.
நீக்கிக் கேட்டேன்.
லாரி போனதும்
அவள் காத்திருந்தது வெறும் தாமதம் ஆகிவிட்டது.
அவர் ஊருக்குப் போனபின்
பழையபடி வைத்தேன்.

பத்திரிகையில் 'துணிச்சல்' என்று எழுதினார்கள்.
வெர்லீன் போனில் சிரித்து இருமினாள்.
"சுருதியை இறக்கினேன், ஹீல்ஸையும் இறக்கினேன்.
இதில் என்னப்பா துணிச்சல்?"

ஏப்ரலில் பனிக்கால டயரைக் கழற்றப் போனேன்.
கடை ரேடியோவில் நான்காவது பாட்டு.
சக்கரத்தின் முன் மண்டியிட்டிருந்த ஆள்,
சட்டையில் 'டுவைன்' என்று தைத்திருந்தது,
பழைய வேகத்திலேயே கூடப் பாடினான்.
அவளுக்கு வெகு முன்னால்
நாளைக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

திரும்பிப் பார்த்தான். அவளைக் காணோம்.

கையில் ஸ்பேனர்.
வாயில் அடுத்த சொல், பாதி.
லாரி போகிறது, போகிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
டுவைன் நட்டைத் திருகாமல்
அப்படியே இருந்தான்.